எந்தப் பேரில் ஜெபிப்பது?

(சேலத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ஜெபத்தில் விசுவாசமும் சந்தேகமும்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். நான் இறையியல் படித்தவனில்லை. வங்கிக் குமாஸ்தா. கவுண்டரில் உட்கார்ந்தால் பேர் ஒத்துப்போகிறதா, கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் பேரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அம்மாவுக்கு ரெண்டு பேர். ராசிபுரம் பக்கத்துச் சேரி. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆரோக்கிய மேரி. ரேஷன் கார்டில் செல்லம்மா. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா 'இந்து, ஆதிதிராவிடர்' என்று எழுதினார். அந்தச் சான்றிதழில்தான் படித்தேன், அதில்தான் வேலைக்கு வந்தேன். இதை ஒரு மேடையில் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ராத்திரி ஜெபமாலை சொல்லி முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒருநாள் "என்னம்மா யோசன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு. மேரி கேக்கறேன், மேரி கேக்கறேன்னு தெனமும் கேக்கறேன். கவர்மென்ட்டுல மேரின்னு ஒருத்தியே கெடையாது. மேல இருக்கறவரு எந்த நோட்டப் பாத்துக் குடுப்பாரு?"

சிரித்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

இந்தச் சந்தேகத்தை அம்மாவுக்குள் வைத்தது யார்? 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் இல்லை என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் வெளியே. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. நீக்கவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. அவர் தவறாமல் கோயிலுக்குப் போய் ஜெபித்ததே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. முழங்கால் போட்டதற்குத் தண்டனை, தோழர்களே.

அரசை மட்டும் திட்டிவிட்டு இறங்கினால் கைதட்டுவீர்கள். கோயிலுக்குள்ளேயும் பார்ப்போம். நம்ம சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் 1623-ல் சேசுசபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி வந்தார். பார்ப்பனச் சந்நியாசிக் கோலம். அதே வருஷம் ஜனவரி 31-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, மதம் மாறியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அதே ஆணையில், எளியவர்களை இழிவாக நினைக்காதீர்கள், கோயிலில் தனித்தனியாக நிற்காதீர்கள் என்று மன்றாடவும் செய்தார். பூணூல் அனுமதி உடனே அமலாயிற்று. மன்றாட்டை யாரும் கேட்கவில்லை. 1640-க்குப் பிறகு நமக்கென்று தனியாகப் 'பண்டார சாமிகள்' வந்தார்கள். போப் வேண்டியே சாதிக் கிறிஸ்தவனிடம் நடக்கவில்லை. 2008-ல் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டுப் போராட வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நமக்குச் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான்: சந்தேகப்படாதே, ஜெபம் பண்ணு, பொறுத்திரு. ஆனால் இவர்கள் வாசிக்கிற வேதத்திலேயே ஆபகூக் தீர்க்கதரிசி, எத்தனை காலம் கத்துவது என்ற முறையீட்டோடுதான் ஆரம்பிக்கிறார். சிலுவையில் தொங்கியவன் ஏன் கைவிட்டாய் என்று கேள்விதான் கேட்டான். அதையும் ஜெபம் என்றுதானே புனித வெள்ளியன்று வாசிக்கிறீர்கள்? எங்க அம்மா கேட்டால் மட்டும் விசுவாசக் குறைவா?

தோழர்கள் சிலர் சாமியையே விட்டுவிடச் சொல்வீர்கள். நானும் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "உட்டுட்டு அப்பறம் யாருகிட்டச் சண்ட போடறது?" என்றது. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இங்கே ரெண்டு சந்தேகம் இருக்கிறது. கடவுள் காதில் விழுகிறதா என்பது ஒன்று. அதை அவரவர் தீர்த்துக்கொள்ளட்டும். எனக்கே சில நாள் விழுகிறது என்று தோன்றும், பல நாள் தோன்றாது. ஒருத்திக்கு ரெண்டு பேர் வைத்தது யார் என்பது இன்னொன்று. அதை ஜெபத்தால் மூடக்கூடாது. நாத்திகத்தாலும் மூடக்கூடாது.

அம்மா போய் ரெண்டு வருஷமாகிறது. கல்லறைச் சிலுவையில் எந்தப் பேர் எழுதுவது என்று பெயிண்டர் கேட்டார். ரெண்டையும் எழுதச் சொன்னேன். பங்குச் சாமியார் யோசித்தார். நான் நகரவில்லை. எழுதினோம்.

ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். கொடி பிடிப்பதோடு நிற்காதீர்கள். அன்றைக்குப் பூசையில் மன்றாட்டு நேரத்தில் எழுந்து, உங்கள் ரெண்டு பேரையும் சொல்லி, சத்தமாகக் கேளுங்கள். மேலேயிருந்து பதில் வருமா என்று எனக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்சுக்காரன் காதில் கட்டாயம் விழும். முதலில் அவன் பதில் சொல்லட்டும்.