ஒரு விண்ணப்பப் படிவம்

(வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



உலக சமாதானம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார். அத்தனை பெரிய பொருளை ஒரு மாணவன் தொடுவது சரியன்று. ஆகவே, நான் நிரப்பத் தொடங்கி, நிரப்ப முடியாமல் வைத்துவிட்ட ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன்.

ரோட்டரிக் கழகத்தார் 2002-ஆம் ஆண்டு முதல் சமாதானப் புலமைப்பரிசில் ஒன்றை வழங்கி வருகிறார்கள். ஆண்டுதோறும் பலர் தெரிவு செய்யப்படுவர். சுவீடனில் உப்சாலா, யப்பானில் சர்வதேச கிறிஸ்தவ சர்வகலாசாலை முதலிய இடங்களிற் கற்கலாம். படிப்புச் செலவு, உணவு, உறைவிடம், பிரயாணம் யாவும் அவர்களுடையவை. கைப்பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது எத்துணைப் பெரிய வாசல் என்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

கண்டியிலிருந்து இப்படிப் புறப்பட்டவர் உண்டா என்று கேட்பீர்கள். இந்தப் புலமைப்பரிசில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே, வேறொரு வாசலால் ஒருவர் சென்றார். திரினிட்டிக் கல்லூரி மாணவரான ஜயந்த தனபால, நியூயோர்க் ஹெரால்ட் திரிபியூன் பத்திரிகையின் கட்டுரைப் போட்டியில் வென்று 1957-இல் அமெரிக்கா போனார். “நாம் விரும்பும் உலகம்” என்பது கட்டுரையின் தலைப்பு. பின்னர் பேராதனையிற் படித்து, 1965-இல் வெளிநாட்டுச் சேவையிற் சேர்ந்தார். 1995-இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்த மகாநாட்டுக்கு அவரே தலைவர். ஒன்றோடொன்று முரண்பட்ட நாடுகளை வைத்துக்கொண்டு, வாக்கெடுப்பே இல்லாமல் அவ்வொப்பந்தத்தைக் காலவரையின்றி நீடிக்கச் செய்தார். 1998 முதல் 2003 வரை ஐக்கிய நாடுகள் சபையில் ஆயுதக் குறைப்புக்குப் பொறுப்பாயிருந்தார். 2004-இல் நம் நாட்டுச் சமாதானச் செயலகத்துக்குத் தலைமை தாங்கினார். 2006-இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பதவிக்குப் போட்டியிட்டுப் பாதியில் விலகினார். 2023-இல் காலமானார். பரிசளிப்பு விழாக்களில் அவருடைய வெற்றிகளைச் சொல்லுவார்கள். எனக்கோ அந்த 2006 தான் பிடித்தது. கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அதனால் அவர் குறைந்துபோகவில்லை.

இனிப் படிவத்துக்கு வருவோம். பட்டம் மட்டும் போதாதாம். மூன்று வருட முழுநேர வேலை அனுபவம் வேண்டும். சமாதானத்துக்கும் முன்னேற்றத்துக்கும் நீ செய்த பணி யாது என்றும் எழுத வேண்டும். மிஷன் பாடசாலையில் ஆங்கிலப் பேச்சுக்குப் பரிசு வாங்கியவன் நான். சமாதானம் என்றால் நூறு வாக்கியம் தடையின்றி எழுதுவேன். செய்தது யாது என்ற கேள்விக்கு ஒரு வரியும் வரவில்லை.

மனிதாபிமான இராசதந்திரம் என்று ஒரு சொற்றொடர் இப்போது வழங்குகிறது. 2009-இல் பெப்ரவரி முதல் மே வரை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவினர் புதுமாத்தளன் முதலிய கரைகளிலிருந்து காயப்பட்டோரைக் கப்பலேற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோனார்கள். போரிடும் இரு தரப்பும் சம்மதியாமற் கப்பல் கரையை அண்ட முடியாது. அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் பேச்சுத்தான் அது.

எல்லா இராசதந்திரமும் அத்தகையதன்று. 1964 ஒக்டோபர் 30-ஆந் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மலையகத்தார் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். எண்ணப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. என் பாட்டியின் தங்கை அந்தக் கணக்கிலே போனவர். கண்டி ரயில் நிலையத்தில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுததைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இருந்தவர்களுள் பிரசாவுரிமை பெறாதிருந்தோருக்கு 2003-இல் ஒரு சட்டத்தால் அது கிடைத்தது. ஆயினும் கடதாசிகளின் தொல்லை தீரவில்லை.

படிவம் கையிலிருந்த அதே வாரம், நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கடிதமொன்றை நீட்டி, “தம்பி, இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்” என்றார். தமிழும் 1987 முதல் அரச கருமமொழிதான். கடிதம் சிங்களத்தில் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து, “அங்கே கேளுங்கள், ஐயா” என்று யன்னலைக் காட்டிவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. கடைத்தெருவிற் பேரம் பேசுமளவுக்குச் சிங்களம் வரும். உத்தியோகச் சிங்களம் வராது. அதை ஒப்புக்கொள்ள வெட்கம். யன்னலில் இருந்தவர் அவரைத் திருப்பியனுப்பினார். கடிதத்தை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வருடம் கழித்து விண்ணப்பிக்கத்தான் போகிறேன், ஆசையை மறைக்கவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பவே இதைச் சொல்லுகிறான் என்று எவரேனும் எண்ணினால், முற்றும் பொய்யென்றும் சாதிக்கமாட்டேன். ஆனாலும் கேளுங்கள். நம் சங்கத்துப் பெரியவர்களுள் இளைப்பாறிய லிகிதர்கள் பலர் இருக்கிறீர்கள். முப்பது வருடம் சிங்களத்தில் கோப்பு எழுதியவர்கள். ஞாயிறுதோறும் காலை 9 மணி முதல் 12 மணி வரை சங்க விறாந்தையில் உங்களில் இருவர் அமர்ந்தாற் போதும். கடிதத்தை வாசித்துச் சொல்லுங்கள். பதிலும், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பங்களும் நாங்கள் எழுதுகிறோம். பிழை திருத்துங்கள். அப்படியே எங்களுக்கும் அந்தச் சிங்களத்தைச் சொல்லித் தாருங்கள்.

மேசை ஒன்று நான் கொண்டுவருகிறேன். இரண்டு வாங்குகள் தேவை. இரவல் தரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.