சூலகமும் சர்க்கரையும்
(ஆண்டு விழாவின் மாதர் அரங்கில் ஆற்றிய உரை)



மாதர் அரங்கில் பேச எழுந்திருப்பவன் ஒரு சரக்கு அலுவலகக் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். இவன் என்ன சொல்லப் போகிறான் என்று முன்வரிசையில் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. இரண்டு பெண்களைப் பெற்றவன் என்பதே என் தகுதி. என் தமக்கை மகளுக்கு மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை, முகவாயில் மயிர் அரும்பிற்று, பிடரி கறுத்தது. அழுக்கென்று எண்ணிப் பயற்றமாவு இட்டுத் தேய்த்தார்கள். மருத்துவர் ஒருவர், "கல்யாணம் செய்து வையுங்கள், சரியாகிவிடும்" என்றார். அவள் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றியே பேச விழைகின்றேன்.

1935ஆம் ஆண்டில் சிக்காகோ நகர மருத்துவர்களான ஸ்டெயின், லெவென்தால் இருவரும் ஏழு பெண்களிடம் இந்நோயைக் கண்டு எழுதினர். சூலகத்தில் சிறு சிறு நீர்க்கட்டிகள் தென்பட்டமையால் 'பாலிசிஸ்டிக்' என்னும் பெயர் பின்னர் நிலைத்தது. உண்மையில் அவை முதிராது பாதியிலேயே நின்றுவிட்ட முட்டைப் பைகள். பெயர் சூலகத்தைச் சுட்டவே, எல்லார் கண்களும் அங்கேயே நின்றன. ஆயினும் 1921லேயே, பிரெஞ்சு மருத்துவர்களான அஷார், தியேர் இருவரும் தாடி முளைத்த பெண்ணிடம் நீரிழிவும் கூடியிருந்ததை எழுதியிருந்தனர். ஆண்தன்மைச் சுரப்பும் இன்சுலினும் இந்நோயில் சேர்ந்தே மிகுகின்றன என்பது இரத்தச் சோதனையால் தெளிவானது 1980இல்தான்.

அஃது எவ்வாறு? நம் தொழிலிலிருந்தே உவமை கூறுகிறேன். இரத்தத்தில் ஓடும் சர்க்கரையைச் சரக்கு வண்டி எனக் கொள்வோம். தசை என்னும் நிலையத்தில் சரக்கை இறக்குமாறு கணையம் விடுக்கும் உத்தரவே இன்சுலின். சிலர் உடலில் தசை அவ்வுத்தரவுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் என்ன செய்யும்? ஒன்றுக்கு மூன்றாக உத்தரவுகளை அனுப்பும். சரக்கு ஒருவாறு இறங்கிவிடும். ஆகவே சர்க்கரைக் கணக்கு பல ஆண்டுகள் சரியாகவே தோன்றும். ஆனால் அதே தடத்திலுள்ள சூலகத்துக்குக் காது மந்தமன்று. வந்த உத்தரவுகளையெல்லாம் கேட்டு, ஆண்தன்மைச் சுரப்பை அளவுக்கு மிஞ்சிச் சுரக்கின்றது. அச்சுரப்பைப் பிணைத்து வைக்கும் புரதத்தையோ கல்லீரல் குறைத்துவிடுகின்றது. முகமயிரும் பருவும் மாதவிலக்குத் தவறுதலும் இதன் விளைவுகளே. பிடரிக் கறுப்பும் மிகுந்த இன்சுலினின் அடையாளம். எந்தப் பயற்றமாவுக்கும் அது கரையாது.

சூலகம் தனித்த குற்றவாளியும் அன்று. சிறுநீரகங்களின்மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் அண்ணீரகச் சுரப்பிகள் இரண்டு உள்ளன. ஆண்தன்மைச் சுரப்பில் ஒரு பங்கு எல்லாப் பெண்களுக்கும் இயல்பாகவே அங்கிருந்து வருவது. இந்நோயுற்றோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அப்பங்கும் மிகுந்து காண்கின்றது. டி.எச்.ஈ.ஏ. சல்பேட் என்னும் பொருளை இரத்தத்தில் அளந்தால் இது புலப்படும். அண்ணீரகத்தில் பிறவியிலேயே ஒரு நொதி குறைந்தவர்களுக்கும் இவ்வறிகுறிகளே தோன்றக்கூடும். அதனைப் பிரித்தறிய 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் சோதனை உண்டு. மருத்துவம் வேறாகும் ஆதலால், பெயர் நீளமாயினும் சீட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

நூறு பெண்களில் 10 முதல் 13 பேருக்கு இந்நோய் உண்டென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் காலனியில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிடலாம். "தின்று பருத்தாள், அதனால் வந்தது" என்று பெண்ணைப் பழிப்பவர்கள் மெலிந்த பெண்களுக்கும் இது வருவதை அறியார். நம் நாட்டுப் பெண்களுக்கோ எடை மிகாதபோதே இன்சுலின் தடை தோன்றுவதுண்டு.

வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி கழித்தும் பார்க்கவேண்டும். பருத்தவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீர்படுகின்றது. நாள்தோறும் நடத்தல் நன்று. (இன்றைய பந்தியில் மூன்று வகை இனிப்பு வைத்த செயலாளர் என்னைப் பொறுத்தருள்க.) மெட்ஃபார்மின் மாத்திரை, மருத்துவர் சொன்னால் மட்டும். மாதக்கணக்கில் விலக்கு வராவிடில் கருப்பையின் உட்படலம் தடித்துப் பின்னாளில் தீங்கு நேரலாம். "வராதது நல்லதே" என்று இருந்துவிடலாகாது. பிள்ளைப்பேறு இல்லையென்று அஞ்சுவதும் வேண்டா. உரிய மருத்துவத்தால் பெரும்பாலோர் தாயாகின்றனர். கருவுற்றதும் சர்க்கரையைச் சோதித்தல் இன்றியமையாதது.

குமாஸ்தா என்ற முறையில் ஒரு விதியையும் நினைவூட்டுகிறேன். ரயில்வே ஊழியரைச் சார்ந்து வாழும் மணமாகாத மகளுக்குத் தந்தையின் மருத்துவ அட்டையில் சிகிச்சை உண்டு. மணமானபின் அவ்வுரிமை இல்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டார்க்குத் தெரியுமே என்று ஒளிக்காமல், மாதவிலக்குத் தேதிகளைக் குறித்த தாளோடு இந்த மாதமே மகளை அழைத்துச் செல்லுங்கள்.