செதுக்குச் சித்திரமும் துப்பாக்கியின் மதிப்பும்

மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, திண்டிவனம் சாலையை ஒட்டிய சமவெளியில் தனித்து எழும் பெருமுக்கல் மலையில், தொல்மனிதர் பாறையில் கீறிய உருவங்கள் உண்டு; சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் உண்டு; 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரிடமிருந்தும், 1782இல் ஹைதர் அலியின் தரப்பினர் ஆங்கிலேயரிடமிருந்தும் கைப்பற்றிய கோட்டையின் சிதைவுகளும் உண்டு. அங்குள்ள கீறல்களின் தொன்மையை ஆராய முற்படும் அறிஞர், உருவத்தின் அழகில் உடனே மயங்கிவிடாமல், கீறலின் உட்புறம் சுற்றியுள்ள பாறையைப் போலவே வெயிலாலும் மழையாலும் நிறம் முதிர்ந்திருக்கிறதா என்பதையே முதலில் நோக்குவார். சித்திரவேலை செய்த பழைய துப்பாக்கியொன்றின் மதிப்பை நிர்ணயிப்பவரும் அதே பார்வையோடுதான் அதனை அணுக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

விசைக்கு அடியிலுள்ள வளைந்த லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறிப் புதுத் தோட்டா குழலுக்குள் புகும் துப்பாக்கிகளில், 1860இல் பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹென்றி ரைஃபிள் பிரசித்தமானது. பொன்முலாமும் செதுக்குவேலையுமாக ஆபிரகாம் லிங்கனுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அதன் ஆறாம் எண் பிரதி இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. அதன் வழிவந்த 1866ஆம் ஆண்டின் வின்செஸ்டர், இரும்பினும் மென்மையான மஞ்சள் நிற உலோகக் கலவையால் அமைந்த உடற்சட்டத்தை உடையதாதலின், சிற்பியின் உளி தயக்கமின்றி ஓடுவதற்கு இடந்தந்தது. ஹெர்மன், கான்ராட், ஜான் என்ற உல்ரிக் குடும்பத்துச் சகோதரர்கள் வின்செஸ்டர் கம்பெனியின் துப்பாக்கிகளில் மான்களையும் கொடிச் சுருள்களையும் செதுக்கிப் பெரும் புகழ் ஈட்டினர். 1873ஆம் ஆண்டு மாதிரியில், குறி தப்பாத குழல்களைத் தேர்ந்தெடுத்து ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்து விற்றவை மிகச் சிலவே. 1950இல் வெளிவந்த ‘வின்செஸ்டர் 73’ என்ற திரைப்படத்தின் பொருட்டு, எஞ்சியவற்றைத் தேடி விளம்பரமே செய்தார்கள்.

இத்தகைய அருமை இருக்கும் இடத்தில் போலி வராதிருக்குமா? சாதாரணத் துப்பாக்கியொன்றை வாங்கிப் பிற்காலத்தில் சித்திரம் வெட்டினால், தேய்ந்த பரப்பின்மீது கோடு மட்டும் கூர்மையாக நிற்கும். எஃகின் பழைய நீலப்பூச்சை உளி கிழித்துச் சென்ற இடம் வெளிறித் தெரியும். எஃகை அரத்தால் தேய்த்து மெருகேற்றியிருந்தால் மூலைகள் மழுங்கிவிடும், குழலின் மேலுள்ள எழுத்து மங்கும், மரக்கட்டையோ உலோகத்தைவிடச் சற்று எழுந்து நிற்கும். திருகாணியின் பிளவு சிதைந்திருந்தால், பக்குவமில்லாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று உணர்க. தொடரெண்ணைப் பழைய தொழிற்சாலைப் பேரேட்டோடு ஒப்பிடுவது இவை எல்லாவற்றினும் உறுதியான பிரமாணம். வின்செஸ்டரின் பேரேடுகளில் எஞ்சியவை அமெரிக்காவில் கோடி (Cody) என்னும் நகரத்துத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

நம் நாட்டில் திப்பு சுல்தானின் பட்டறைகளில் ஆன துப்பாக்கிகள் இதே பரிசோதனைக்கு உரியவை. புலிவரிகளும் புலித்தலையும் அவற்றின் அடையாளம் என்பதைப் பலரும் அறிவர். ஆயின் அவற்றில் பொறித்த, திப்பு வழங்கிய மௌலூதி என்னும் ஆண்டுமுறையின் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே.

செதுக்குவேலை சிறிதும் இல்லாத துப்பாக்கியும் வேறொரு வகையில் மேன்மை பெறும். சேலம், தருமபுரி மலைக்காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடித் திரிந்த பெங்களூர் எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் விரும்பிக் கையாண்டது .405 வின்செஸ்டர் என்ற லீவர் ரைஃபிள். ஜான் பிரௌனிங் வகுத்த 1895ஆம் ஆண்டு மாதிரி அது. அவ்வகைத் துப்பாக்கி ஒன்றில் காணும் காட்டுத் தழும்புகளை மெருகேற்றி அழிப்பவன், அதன் சரித்திரத்தையே அழிக்கிறான்.

குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவது போல் துப்பாக்கியைத் துலக்குதல் ஆகாது. நம் கடற்கரையில் உப்புக் காற்று ஈரத்தை ஈர்த்துக்கொண்டு எஃகின்மேல் படியுமாதலால், கையால் தொட்ட பின்னரெல்லாம் மெல்லிய எண்ணெய் தோய்ந்த துணியால் மென்மையாகத் துடைத்தல் வேண்டும். தோலுறையில் நெடுங்காலம் வைத்தல் கூடாது, தோல் பதனிட்ட இரசாயனமும் ஈரமும் சேர்ந்து இரும்பை அரித்துவிடும்.

பழமையான ஆயுதமாதலின் எந்நிலையிலும் உரிமம் தேவையில்லை என்று கருதுவது தவறு. பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ள பழம்பொருளுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்களிக்கிறது; நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிய அனுமதியின்றி அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. உங்கள் பரணில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி ஏதேனும் கிடைக்குமாயின், நேயர்களே, செங்கல்பொடியைக் கையில் எடுக்காமல், முதலில் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். பின்னர் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தாரின் கருத்தைக் கேளுங்கள்.