ஏற்றுமிடமும் இறக்குமிடமும்: வன்னியில் சரக்குப் புகையிரதம்



இந்த ஆய்வரங்குக்கு லொறி உரிமையாளர்களை ஏன் அழைத்தீர்கள் என்று சிலர் கேட்டார்கள். எதிராளி இல்லாத இடத்தில் வழக்குப் பேசுவது முறையல்ல. சரக்கை யார் கொண்டுபோவது என்ற போட்டியில் இன்று வென்று நிற்பவர்கள் அவர்கள். எப்படி வென்றார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இலங்கையில் புகையிரதம் சரக்குக்காகப் பிறந்தது. 1864இல் அம்பேபுஸ்ஸ வரையும் 1867இல் கண்டி வரையும் பாதை போட்டது மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். வடக்குப் பாதை பின்னால் வந்தது. 1902இல் காங்கேசன்துறைப் பக்கத்தில் ஓடத் தொடங்கிய வண்டி, 1905 ஓகஸ்டில் வன்னிக் காட்டை ஊடறுத்துத் தெற்கோடு இணைந்தது. அப்போது வன்னி வெறும் இடைவழி. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல்கள் விரிந்து, பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்து, ஆனையிறவு உப்பு பேர்பெற்ற பின்னர்தான் வண்டி நின்று ஏற்றிப்போக இங்கே ஏதாவது இருந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது கிளிநொச்சி நிலையத்தில் சாமான் கோச்சி நிற்கும். எஞ்சின் முன்னும் பின்னும் அசைந்து இரண்டு பெட்டிகளைப் பக்கத் தண்டவாளத்தில் கழற்றி விட்டுப் போய்விடும். பெட்டிக் கதவில் சோக்கால் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். கொளுக்கியோடு நான்கைந்து பேர் வருவார்கள். மூட்டையின் காதில் கொளுக்கியைக் குத்தி, முதுகைக் கொடுத்து, பலகை வழியே ஓட்டமும் நடையுமாக இறக்குவார்கள். கடைக்காரர் ஓரமாக நின்று மணிக்கூட்டைப் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் பெட்டியை வெறுமையாக்காவிட்டால் டெமரேஜ் கட்ட வேண்டும். கடைக்காரருக்கு அது தண்டம். புகையிரதத்துக்கோ அதுதான் உயிர். ஒரு பெட்டி மாதத்தில் எத்தனை முறை நிரம்பி வெறுமையாகிறது என்பதில்தான் அதன் வருமானம் இருக்கிறது. ஓடும் வேகம் அடுத்த கணக்கு.

அந்தக் காலத்து வடபாதைக்கு இன்னொரு பலமும் இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்தும் ஆனையிறவு உப்பும் தெற்கே போயின. எரிபொருளும் மாவும் சீனியும் வடக்கே வந்தன. போகும்போதும் வரும்போதும் பாரம். வெறும் பெட்டியைத் திருப்பி இழுப்பது எந்தச் சரக்குப் பாதையையும் அரித்துவிடும்.

1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. வவுனியா கடைசி நிலையமாயிற்று. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் லொறியிலிருந்து ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, சோதித்து, மறுபடி ஏற்றிய நாட்களை இந்த மண்டபத்தில் பலர் அனுபவித்திருக்கிறீர்கள். சீமெந்துப் பை கிழிந்து கொட்டியது, தக்காளி நசிந்தது, கூலி இரட்டித்தது. போக்குவரத்துப் பொருளியல் நூல்கள் இடைமாற்றுச் செலவு என்று ஒன்றைச் சொல்கின்றன. அதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படி உடலால் கற்றதை இனி நாம் ஆய்வாக எழுத வேண்டும்.

புகையிரதத்தின் சிக்கலும் அந்த இடைமாற்றில்தான் இருக்கிறது. லொறி வயல் வரம்பில் ஏற்றிக் கொழும்புக் கடை வாசலில் இறக்குகிறது. கோச்சியில் அனுப்பினால் வயலிலிருந்து நிலையத்துக்கு ஒரு லொறி, மருதானை நிலையத்திலிருந்து கடைக்கு இன்னொரு லொறி. மூன்று தடவை ஏற்றி இறக்க வேண்டும். ஒரு தொன் சரக்கை இழுக்க லொறிக்குப் போகும் டீசலில் மூன்றிலொரு பங்கு கோச்சிக்குப் போதும் என்பது பொதுக் கணக்கு. நெடுந்தூரத்தில் இப்படிச் சேரும் மிச்சம் நமது இருநூறு, முந்நூறு கிலோமீற்றர் ஓட்டத்தில் மூட்டை தூக்கும் கூலியிலேயே கரைந்துவிடுகிறது.

போரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. தெற்கில் பாதை அறுபடவில்லை. அங்கும் 1977க்குப் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு லொறிகள் பெருகியதும் சரக்கு வீதிக்கு இறங்கிவிட்டது. இன்று நாட்டின் சரக்கில் மிகச் சிறிய பங்கே புகையிரதத்தில் போகிறது. எது விட்டுப் போகவில்லை என்று பாருங்கள். கொலன்னாவையிலிருந்து எரிபொருள் போகிறது. அருவக்காட்டுச் சுண்ணக்கல் புத்தளம் சீமெந்து ஆலைக்குப் போகிறது. ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் பக்கத் தண்டவாளம் உள்ள சரக்கு மட்டுமே தங்கியிருக்கிறது. சரக்குப் போட்டியை முடிவுசெய்வது வண்டி ஓடும் பாதையைவிட இரு முனைகளிலும் உள்ள முற்றம் என்பது என் துணிபு.

அமெரிக்காவில் தண்டவாளம் பெரும்பாலும் சரக்குக் கம்பனிகளுக்குச் சொந்தம். பயணிகள் வண்டி அங்கே விருந்தாளி. 1980இல் ஒரு சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, வாடிக்கையாளரோடு தனித்தனி ஒப்பந்தம் செய்ய வழிவிட்டது. நொடித்துக் கிடந்த கம்பனிகள் நிமிர்ந்தன. பிறகு ஒன்றையொன்று விழுங்கிச் சிலவே மிஞ்சின. ஒரே கம்பனியின் பாதை மட்டும் போகும் ஊர்த் தொழிற்சாலைகள் இன்று கட்டணம் குறித்துக் குமுறுகின்றன. இந்தியாவில் நிலக்கரியும் இரும்புத் தாதும் சம்பாதிக்கும் பணம் பயணச்சீட்டின் நட்டத்தை ஈடுசெய்கிறது. இங்கோ பயணிகளே வீட்டுக்காரர், சரக்கு ஒண்டுக்குடித்தனம். ஒற்றைப் பாதையில் யாழ்ப்பாணப் பயணிகள் வண்டியான யாழ்தேவிக்கு வழிவிட்டு மணிக்கணக்காகக் காத்துக்கிடக்கும் வண்டியை நம்பி எந்த முதலாளி நாள் குறிப்பார்?

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு மீண்டும் கோச்சி வந்த அன்று கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் அது எட்டியது. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் போட்ட பாதை. மகோவிலிருந்து ஓமந்தை வரையான பழைய பகுதியும் புதுப்பிக்கப்பட்டு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மேடையும் பயணச்சீட்டு யன்னலும் திரும்பி வந்துவிட்டன. கொளுக்கிக்காரர்களின் முற்றம் பழைய உயிர்ப்போடு திரும்பவில்லை. பிள்ளைகள் ஏறிக் கொழும்புக்குப் போகிறார்கள்; அவர்களின் தகப்பன்மார் விளைவித்த நெல் ஏ9 வீதியில் போகிறது.

இதை ஆராயும்போது ஆசையை அளவாக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். எல்லாச் சரக்கும் கோச்சிக்கு உரியதல்ல. முல்லைத்தீவு மீன் இரவோடு இரவாகப் போக வேண்டும். அங்கே தண்டவாளமும் இல்லை. மாங்குளம் வரை கொண்டுவந்து மாற்றி ஏற்றுவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். அதை லொறிக்காரரிடமே விடுவோம். பொலநறுவை ஆலைக்குப் போகும் நெல்லையும் விடுவோம். கோச்சியில் அது மகோ வரை தெற்கே இறங்கி, மட்டக்களப்புப் பாதையில் திரும்பி ஏற வேண்டும். அதே நெல் இங்கேயே குற்றப்பட்டு அரிசியாகக் கொழும்புக்குப் போவதென்றால் கணக்கு மாறுகிறது. பெட்டிக்கு இருபது தொன் என்று வைத்து இருபது பெட்டி கோர்த்தால் நானூறு தொன். பத்துத் தொன் லொறி நாற்பதின் பாரம். ஆகவே நமது ஆலைகள் எங்கே அமைகின்றன என்பது புகையிரதத்தின் கேள்வியும்கூட. திரும்பும் பெட்டிக்குப் பசளையா, சீமெந்தா, எரிபொருளா என்பதை இரண்டாம் அமர்வுக் கட்டுரையாளர்கள் இலக்கங்களோடு சொல்ல வேண்டும்.

உப்பைப் பற்றி நான் இன்று முடிவு சொல்லப்போவதில்லை. ஆனையிறவில் தொழிற்சாலை 2025 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. நாளை காலை ஆறு மணிக்கு இங்கிருந்து பஸ் புறப்படும். ஆனையிறவு நிலைய மேடையிலிருந்து உப்புக் குவியல் வரை எத்தனை மீற்றர், நடுவில் எத்தனை மேடு பள்ளம் என்று நாமே அளக்கப்போகிறோம். மாணவர்கள் அளவு நாடாவும் குறிப்பேடும் கொண்டுவாருங்கள். லொறி உரிமையாளர்களும் கூட வருகிறார்கள். ஒரு மூட்டையை ஏற்றி இறக்க உண்மையில் என்ன செலவாகிறது என்பதை வழியிலேயே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இப்போது முதலாவது கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.