நந்திதா தாஸ்: வீதி நாடகமும் வெண்திரையும்



சங்க இலக்கியம் கற்பிப்பவளுக்குத் திரைப்படம் பற்றிய தலைப்பா எனச் சிலர் வியக்கலாம். விறலியர் நடந்த வழியை ஆண்டுதோறும் பாடமாகச் சொல்லும் நான், நம் காலத்து விறலி ஒருவரின் வழியை நோக்குவது அயலான செயல் அன்று எனக் கருதுகிறேன்.

நந்திதா தாஸ் 1969இல் பிறந்தவர். தந்தை ஜதின் தாஸ் ஒடிசாவைச் சேர்ந்த ஓவியர், தாய் வர்ஷா தாஸ் குஜராத்தி எழுத்தாளர், வளர்ந்ததோ தில்லியில். ஒரு வீட்டிற்குள்ளேயே பல மொழிகள். மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் புவியியலும், பின்னர் சமூகப்பணியில் முதுகலையும் பயின்றார். ரிஷிவேலிப் பள்ளியில் சிறிது காலம் ஆசிரியராகவும் இருந்தார். நடிப்பு அவருக்குத் தெருவில் தொடங்கியது. இளமையிலேயே தில்லியின் 'ஜன நாட்டிய மஞ்ச்' குழுவில் சேர்ந்து வீதி நாடகங்களில் நடித்தார்.

அக்குழுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1973இல் தோன்றிய அக்குழு மேடை, திரைச்சீலை, ஒளியமைப்பு யாவற்றையும் துறந்து தொழிலாளர் குடியிருப்புகளுக்குச் சென்றது. சுற்றி நிற்கும் மக்களே அரங்கின் சுவர். 1989 சனவரி முதல் நாள், தில்லியை அடுத்த சாகிபாபாத் ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குழுவினர் தாக்கப்பட்டனர். ராம் பகதூர் என்னும் தொழிலாளி கொல்லப்பட்டார். குழுவின் உயிராக விளங்கிய சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர் நீத்தார், அகவை 34. சனவரி 4ஆம் நாள் அவர்தம் துணைவியார் மலயஸ்ரீ குழுவினரோடு அதே இடத்திற்குத் திரும்பிச் சென்று, தடைப்பட்ட அந்நாடகத்தை நடத்தி முடித்தார். இதனைச் சொல்லும்போதெல்லாம் என் வகுப்பறை அமைதியாகிவிடும்.

இத்தகைய மரபில் பயின்றவர்க்கு நடிப்பு வெறும் ஒப்பனைக் கலையாக இருத்தல் இயலாது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996), 'எர்த்' (1998) ஆகிய படங்கள் அவரை உலகிற்கு அறிமுகப்படுத்தின. 'ஃபயர்' திரையிடப்பட்ட அரங்குகள் 1998இல் தாக்குதலுக்கு உள்ளானமை யாவரும் அறிந்ததே.

நமக்கோ அவர் 2002இல் 'அழகி'யின் தனலட்சுமியாகவும், 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் ஈழப்போரில் மகளைப் பிரிந்த தாய் சியாமாவாகவும் அறிமுகமானார். இங்கே ஒரு முரணைச் சுட்ட விரும்புகிறேன். படித்த, வசதியுள்ள பெண்ணாக நடிக்கும்போது நிறத்தைச் சற்று வெளுப்பாக்கிக் கொள்ளலாமே எனத் தம்மிடம் கூறுவதுண்டு என்று நந்திதா பலமுறை சொல்லியுள்ளார். தமிழ்த்திரை அக்கருநிறத்திற்கு 'அழகி' எனப் பெயர் சூட்டிற்று. மகிழ்ச்சிதான். ஆயினும் அழகியை நடைபாதையிலும் பிறர் வீட்டு வேலையிலும்தான் வைத்தது. இல்லத்தரசியின் இடம் வெண்ணிறத்திற்கே உரியதாயிற்று. தங்கர் பச்சானின் படத்தை நான் பெரிதும் மதிப்பவள். மதிப்பதனாலேயே இதைச் சொல்கிறேன்.

இனி, அவர் இயக்கிய முதற்படம் 'ஃபிராக்' (2008). 2002 குஜராத் வன்முறை ஓய்ந்து ஒரு மாதம் சென்றபின், ஒரே நாளில் பலர் வாழ்வில் நிகழ்வன இதன் கதை. இதில் என்னை உறங்கவிடாத பாத்திரம் தீப்தி நவால் ஏற்ற ஆர்த்தி. வன்முறை நாளில் ஓர் இசுலாமியப் பெண் அடைக்கலம் வேண்டித் தட்டியபோது ஆர்த்தி கதவைத் திறக்கவில்லை. பிறகு அடுப்பங்கரையில் கொதிக்கும் எண்ணெயைத் தன் கைமீது சிந்திச் சுட்டுக்கொள்கிறாள். அவள் கொன்றவள் அல்லள், கொள்ளையிட்டவளும் அல்லள். திறவாதவள், அவ்வளவே. வீதி நாடகம் பார்வையாளனை வெறும் பார்வையாளனாக நிற்கவிடாது. வட்டத்தில் நிற்பவனும் நிகழ்வில் ஒருவன் ஆவான். அப்பயிற்சியே இங்குத் திரைமொழியாக மாறியுள்ளது என்பது என் துணிபு. மெய்ப்பாடு கற்பிக்கும்போது அழுகைக்கு எடுத்துக்காட்டாக அந்த எண்ணெய்க் காட்சியை நான் கூறுவதுண்டு. அதில் கண்ணீர் முதன்மையன்று என்பதனையும் சேர்த்தே கூறுவேன். படத்தொகுப்புக்காக இப்படத்தின் வழி தேசிய விருது பெற்ற ஸ்ரீகர் பிரசாத், 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தையும் தொகுத்தவர்.

'மண்டோ' (2018) குறித்து எனக்குச் சிறு குறையுண்டு. எழுத்தாளரின் வாழ்விடையே அவர்தம் கதைகள் ஐந்தனைப் பின்னியிருக்கிறார். அக்கதைகளைப் படித்தவர்க்கு விருந்து; படியாதவர்க்கு மயக்கம்.

'ஸ்விகாட்டோ' (2022) தந்தையின் மாநிலமான ஒடிசாவின் புவனேசுவரத்தில் நிகழ்வது. ஆலை வேலையை இழந்த மானஸ், இருசக்கர வண்டியில் உணவு கொண்டு சேர்க்கிறான். நகைச்சுவைக் கலைஞர் கபில் சர்மா அவ்வேடம் ஏற்றார். ஜண்டாபூர்த் தொழிலாளி ஆலை வாயிலில் நின்று முழக்கமிட முடிந்தது. முதலாளி உள்ளே இருந்தார். மானஸ் யாரிடம் போய் முழங்குவான்? அவனுக்கு மேலே இருப்பது கைப்பேசித் திரையும், அதில் வாடிக்கையாளர் இடும் விண்மீன் குறிகளும் மட்டுமே.

அப்படத்தை நம் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் திரையிட்டு, உணவு கொணரும் இளைஞர் ஓரிருவரையும் அழைத்து உடன் அமரச்செய்தல் வேண்டும் எனப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.