ஏறுவரிசை எண்களும் நம்ம வீட்டுப் பூட்டும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு கணக்கு. 1234, 2579 மாதிரி, இலக்கங்கள் இடமிருந்து வலமாகக் கூடிக்கொண்டே போகும் நான்கு இலக்க எண்கள் எத்தனை?

ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். 0 வந்தால் முதலில்தான் நிற்கும். அப்போது அது நான்கு இலக்க எண் ஆகாது. எனவே 1 முதல் 9 வரை நான்கை எடுங்கள். 7, 2, 9, 5 எடுத்தால் ஏறுவரிசை ஒன்றுதான்: 2579. ஆக, நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணினால் போதும். 9×8×7×6 = 3024. ஒரே நான்கு இலக்கங்களை 24 விதமாக மாற்றி வைக்கலாம். 24ஆல் வகுத்தால் 126.

இந்த விதியை 9ஆம் நூற்றாண்டிலேயே ‘கணித சார சங்கிரகம்’ நூலில் தந்தவர் மகாவீராச்சாரியார். நம்ம சிதறால் மலையில் சமணர் இருந்த காலத்துச் சமணக் கணித அறிஞர்.

சரி, நமக்கு என்ன பயன்? நம்பர் பூட்டில் 0 முதலிலும் வரலாம். அதில் ஏறுவரிசை 210, இறங்குவரிசை 210. மொத்தமுள்ள 10,000 எண்களையும் எண்ணுக்கு 5 வினாடி வீதம் திருப்பிப் பார்க்கத் திருடனுக்குக் கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஆகும். நீங்கள் ஞாபகத்துக்காக 1234, 9876 என்று வைத்திருந்தால் 420 எண்கள், 35 நிமிடம்!

சைக்கிள் பூட்டானாலும் பெட்டிப் பூட்டானாலும் வரிசை எண்ணை இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: 1123 போல, 1 முதல் 9 வரையுள்ள இலக்கம் திரும்பவும் வரலாம் என்றால் விடை 495. எப்படி?