முதல் எண்ணைப் பாருங்கள்



புதிதாகக் கேமரா வாங்கிய நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது: "கிராப் சென்சார் கேமரா வைத்திருக்கிறேன். ஊர் சுற்றப் போகிறேன். மலை, கடல், கோயில், வயல் எல்லாம் எடுக்க வேண்டும். ஒரே ஒரு லென்ஸ்தான் தூக்க முடியும். எது வாங்கலாம்?" கேட்கும்போதே பாதிப் பதிலையும் கையில் வைத்திருப்பார்கள். ஒருவர் 18-300 என்பார். இன்னொருவர் 18-400 என்பார். மூன்றாமவர், எஃப் 2.8 இல்லாததெல்லாம் ஒரு லென்ஸா என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு வருவார். எல்லோருடைய கண்ணும் பெட்டியில் போட்டிருக்கும் இரண்டாவது எண்ணிலேயே நிற்கிறது. முதல் எண்ணை யாரும் கேட்பதில்லை. அந்த முதல் எண்ணுக்காகப் பரிந்து பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதல் எண்ணைப் பாருங்கள். லென்ஸ் 15-இல் தொடங்குகிறதா, 16-இல் தொடங்குகிறதா, 18-இல் தொடங்குகிறதா? மற்றதெல்லாம் அப்புறம்.

"15-க்கும் 18-க்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர்தானே சார், அதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்பார்கள். நிறையவே வருகிறது. நம் சென்சார் சிறியது. ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட, லென்ஸின் எண்ணை நிக்கான், சோனி, ஃபியூஜி என்றால் 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனான் என்றால் 1.6-ஆல். கேனான் கணக்கில் 15 என்பது பழைய ஃபிலிம் கேமராவின் 24. 18 என்பது ஏறக்குறைய 29. ஃபிலிம் காலத்தில் 24-ஐயும் 28-ஐயும் தனித்தனி லென்ஸாக விற்றார்கள், தனித்தனியாக வாங்கினார்கள். வேறுபாடு இல்லாவிட்டால் காசு கொடுத்து இரண்டை வாங்கியிருப்பார்களா?

இன்னும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கேனான் கிராப் சென்சாரில் 18 மில்லிமீட்டர் வைத்தால் அந்தச் சுவரில் 12.4 மீட்டர் அகலம் படத்தில் விழும். 15 வைத்தால் 15 மீட்டர் கிட்டத்தட்ட விழும். இரண்டரை மீட்டர் கூடுதல். ஒரு அறையின் அகலம்!

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறை ஏறத்தாழ 29 மீட்டர் நீளம். அதை முழுதாக ஒரே படத்துக்குள் கொண்டுவர 18-க்கு 23 மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். 15-க்கு 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். அந்த நான்கு மீட்டர் பின்வாங்கினால் என்ன ஆகும் என்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போனவர்களுக்குத் தெரியும். நமக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பள்ளிச் சுற்றுலா புகுந்துவிடும். முன்னால் நின்று அகலமாக எடுக்க முடிகிறவருக்குக் கூட்டம் பின்னால் இருக்கிறது. முடியாதவருக்குக் கூட்டம் முன்னால் இருக்கிறது.

இரண்டாவது எண்ணுக்கு வருகிறேன். 85-இல் முடிகிற லென்ஸ் போதுமா, 300 வேண்டாமா? போதும் என்கிறேன். இன்றைய கேமராவில் 24 மெகாபிக்சல் இருக்கிறது. 85-இல் எடுத்த படத்தின் நடுப்பகுதியை, அகலத்திலும் உயரத்திலும் பாதியாக, வீட்டுக்கு வந்து வெட்டி எடுத்தால் அது 170-இல் எடுத்த காட்சி. அதிலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். சுவரில் மாட்டும் அளவுக்கு ஒரு நல்ல பிரிண்ட் போடலாம். தூரத்தை வீட்டில் உட்கார்ந்து வெட்டி எடுக்கலாம். அகலத்தை வெட்டி எடுக்க முடியாது. சட்டத்துக்கு வெளியே விட்டது விட்டதுதான்.

"நாலு படம் எடுத்து ஒட்டிக்கொள்ளலாமே" என்று ஒரு யோசனை சொல்வார்கள். அசையாத பாறைக்கு அது சரி. அலை? ஓடும் மேகம்? காற்றில் ஆடும் நாற்று? முதல் படத்தில் இருந்த அலை இரண்டாவது படத்தில் இருக்காது. ஒட்டிய இடத்தில் கடல் உடைந்து தெரியும்.

இனி எனக்குப் பிடித்த லென்ஸைப் பற்றிச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். கேனான் ஈஎஃப்-எஸ் 15-85. 2009-இல் 7டி கேமராவோடு சேர்த்து அறிமுகமானது. எடை 575 கிராம். முகப்பில் 72 மில்லிமீட்டர் ஃபில்டர் போடலாம். 35 சென்டிமீட்டர் வரை நெருங்கிப் போய் ஃபோகஸ் பண்ணலாம். ஃபிலிம் கணக்கில் 24-இலிருந்து 136 வரை. பிறகு எத்தனையோ லென்ஸ் வந்துவிட்டது, மிரர்லெஸ் கேமராக்களே சந்தையைப் பிடித்துக்கொண்டன. என் பையில் இருப்பது இன்னும் இதுதான். ஆர்7 மாதிரிப் புதிய கேமராவிலும் அடாப்டர் போட்டால் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது.

கொழுக்குமலையில் விடியலுக்குக் காத்திருந்த ஒரு காலை. சூரியநெல்லியிலிருந்து ஜீப் குலுக்கிக் குலுக்கி மேலே கொண்டுவந்து விட்டிருந்தது. கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி முழுக்க மேகம். சூரியன் எட்டிப்பார்த்ததும் காலடியிலிருந்த தேயிலைச் செடியின் இலைநுனியில் பனித்துளி ஒளிர்ந்தது. 15-இல் அந்தச் செடியையும் மேகக்கடலையும் வானத்தையும் சேர்த்து எடுத்தேன். எடுத்து முடிப்பதற்குள் எதிர்ப்பக்கத்து மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காய் வெளிறித் தெரிய ஆரம்பித்தன. வளையத்தை 85-க்குத் திருப்பினேன். மலைகள் நெருங்கிவந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. அடுக்குமலை எடுக்க 85 தாராளம். அதற்குள் மேகம் ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. மலையில் வெளிச்சம் அவ்வளவு நேரம்தான் கொடுக்கும். லென்ஸ் மாற்றுகிற நேரம் அதில் சேர்த்தி இல்லை.

லென்ஸ் மாற்றாமல் இருப்பது நேரத்துக்காக மட்டும் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரிக்காட்டுக்கு ஆடிக் காற்றில் போய்ப் பாருங்கள். செம்மண் மாவாகப் பறக்கும். மூக்கிலும் காதிலும் போகிற மண், திறந்த கேமராவுக்குள் போகாமல் இருக்குமா? சென்சாரில் ஒட்டிய ஒரு துகள், அப்பர்ச்சரைச் சுருக்கி எடுத்த ஒவ்வொரு படத்திலும் வானத்தில் கரும்புள்ளியாக உட்கார்ந்திருக்கும். 15-85 போட்ட கேமராவை நான் அந்தக் காட்டில் ஒருநாளும் திறந்ததில்லை.

அதே தேரிக்காட்டில் வைத்தே, என் மனதுக்கு மிக நெருக்கமான ஒரு உத்தியைச் சொல்கிறேன். எழுத வேண்டிய அவசியம் இல்லை, மூன்று எண்தான். 15, 8, ஒன்றரை. லென்ஸை 15-இல் வையுங்கள். அப்பர்ச்சரை எஃப் 8-இல் வையுங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி, அதாவது இரண்டு எட்டு தள்ளி, தரையில் கிடக்கும் ஒரு பனங்கொட்டை மேல் ஃபோகஸ் பண்ணுங்கள். ஃபோகஸ் ஆனதும் லென்ஸின் பக்கத்தில் இருக்கும் பொத்தானை மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். இனி முக்கால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். காற்று வரைந்த மணல் வரிகள், நடுவே ஒற்றைப் பனை, அதன் பின்னால் மேகம், மூன்றும் கூர்மையாக இருக்கும். மறுபடி சொல்கிறேன்: 15, எஃப் 8, ஒன்றரை மீட்டர். பெரிய பிரிண்ட் போடுவதாக இருந்தால் எஃப் 11 வரை போங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

ஏன் வேண்டாம்? நிலக்காட்சி என்றால் எஃப் 16, எஃப் 22 என்று ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. துளை மிகவும் சிறுத்தால் ஒளி அதன் ஓரத்தில் பட்டுப் பரவுகிறது. பள்ளியில் படித்த அதே விளிம்பு விளைவுதான். சின்ன சென்சாரில் எஃப் 16-க்கு வந்தாலே படம் முழுக்க ஒரு மழுக்கம் ஏறிவிடும். "ஆன்செல் ஆடம்ஸ் எஃப் 64-இல் எடுத்தாரே" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கப் படக்கலைஞர்கள் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் சேர்ந்து 1932-இல் தங்கள் குழுவுக்கே எஃப் 64 என்றுதான் பெயர் வைத்தார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்தது 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடுகிற பெட்டி. அதன் குறுக்களவு நம் சென்சாரைப்போல் 12 மடங்கு. அந்தப் பெட்டியில் எஃப் 64 கொடுக்கும் தெளிவின் ஆழம், நம் கிராப் சென்சாரில் எஃப் 5.6-க்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அவர்கள் கனத்த பெட்டியையும் முக்காலியையும் சுமந்து வாங்கிய ஆழத்தை நாம் கழுத்தில் தொங்கும் சின்னக் கேமராவில் வாங்குகிறோம். சின்ன சென்சாரைக் குறையாகவே பேசுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

எஃப் 2.8 மோகத்துக்கும் இதுதான் என் பதில். நிலக்காட்சியை எஃப் 8-இல் எடுக்கப் போகிறோம். எஃப் 8-இல் எடுக்கப் போகிறவருக்கு எஃப் 2.8 எதற்கு? பின்னணி மங்கலாக விழுந்தால்தான் படம் என்றொரு நாகரிகம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்லிமலைக்குப் போய்க் கொல்லிமலையை மங்கலாக்கி, நண்பரின் முகத்தை மட்டும் தெளிவாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். முகத்தை வீட்டு வாசலில் எடுக்கலாமே! மலையைப் பார்க்கப் போனால் மலை தெரியட்டும்.

இருட்டில் கை நடுங்குமே என்றால், அதற்கு லென்ஸுக்குள் அசைவு தடுக்கும் அமைப்பு இருக்கிறது. 15-85-இல் அது நான்கு ஸ்டாப் வரை தாங்கும் என்று கேனான் சொல்கிறது. மேகமலை ஓடை ஒன்றில் பாறையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கால் நொடி ஷட்டரில் எடுத்திருக்கிறேன். தண்ணீர் இழையாக ஓடியது, பாறை அசையவில்லை. முக்காலி வீட்டில் இருந்தது. அந்திக் கடைத்தெருவில் நடமாடும் மனிதர்களை எடுக்க மட்டும் இது போதாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு 125 கிராம் எடையுள்ள 24 மில்லிமீட்டர் எஃப் 2.8 ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தட்டையான சின்ன லென்ஸ், கனமே தெரியாது.

சுமை குறைந்தால் கால் நடக்கும். அமெரிக்க மலையேற்றக்காரரும் படக்கலைஞருமான கேலன் ரோவல் 1981-இல் திபெத்தின் லாசாவில் ஒரு வானவில்லைப் பார்த்தார். அது பொத்தாலா அரண்மனையின் மேல் வந்து இறங்கும் கோணம் வேண்டும் என்று, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாம் நகர்ந்தால் வானவில்லும் நகரும், அரண்மனை நகராது. இரண்டும் ஒரு கோட்டில் சேரும் இடத்தைக் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராக்காரர், சின்னதையும் இலேசானதையும் மலைக்கு எடுத்துப்போகிறவர். பெரிய பெட்டியும் மூன்று லென்ஸும் முதுகில் இருந்தால் ஓடியிருக்க முடியுமா?

மற்ற கேமராக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் உண்டு. நிக்கானின் பழைய டிஎக்ஸ் கேமராவுக்கு 16-80, 2015-இல் வந்தது, 480 கிராம். ஃபியூஜிக்கு 16-80 எஃப் 4, 2019-இல் வந்தது, 440 கிராம். அதில் சாரல் மழைக்கு ஓரளவு காப்பும் இருக்கிறது, என்னுடையதில் அது இல்லை. இந்த இரண்டுக்கும் கேனானுக்கும் முகப்பு ஃபில்டர் அளவு ஒன்றே, 72 மில்லிமீட்டர். பென்டாக்ஸின் 16-85-க்கும் அதே 72. சோனிக்கு 16-70 எஃப் 4 இருக்கிறது, 300 கிராமுக்குச் சற்று மேல். எல்லாம் 16-இல் தொடங்குபவை, கவனித்தீர்களா? முதல் எண்ணைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

ஃபில்டர் என்றதும் ஒன்று. போலரைசர் வாங்கினால் மெல்லிய விளிம்புள்ளதாக வாங்குங்கள். தடித்த விளிம்பு 15-இல் படத்தின் மூலைகளைக் கறுப்பாக்கும். அத்தனை அகலத்தில் போலரைசரை முழுக்கத் திருப்பினால் வானத்தின் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு என்று பிரிந்துவிடும். ஓடைக்கும் ஈர இலைக்கும் அதை மாட்டுங்கள், வானத்துக்குக் கழற்றிவிடுங்கள்.

15-85-ஐ இன்று பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் தேட வேண்டியிருக்கும். கடைக்குப் போகும்போது சொந்தக் கேமராவையும் ஒரு டார்ச்சையும் கொண்டுபோங்கள். முதலில் லென்ஸின் முகப்பு வழியாக டார்ச் அடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். உள்ளே வெள்ளை இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸுக்கு அது வரும். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். பிறகு கடைக்கு எதிரே ஒரு செங்கல் சுவரையோ ஷட்டர் கதவையோ நேராகப் பார்த்து நின்று, 15-இல், எஃப் 8-இல் ஒரு படம் எடுங்கள். திரையில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். ஓரங்களில் கோடு வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கும். இந்த லென்ஸின் இயல்பு அது, கணினியில் ஒரு சொடுக்கில் நேராகிவிடும். ஆனால் ஒரு மூலை மட்டும் மங்கி மற்ற மூன்றும் தெளிவாக இருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கலாம், உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கலாம். வேறொன்று காட்டச் சொல்லுங்கள். அதிலும் அதே சுவரை, அதே 15-இல் எடுங்கள். 85-ஐக் கடைசியில் பார்த்தால் போதும்.